தண்டனை பெற்றவருக்குத் திருப்பந்தியில் இடமுண்டா?

வானொலி மறையுரை: சிறைப்பணி ஞாயிறு



ஆகஸ்ட் மாதத்தின் இரண்டாம் ஞாயிறை இந்தியத் திருஅவை சிறைப்பணி ஞாயிறாகச் சிறப்பிக்கிறது. இதே மாதம் 14ஆம் நாள் புனித மாக்சிமிலியான் கோல்பேயின் திருவிழாவும் வருகிறது. 1941ஆம் ஆண்டு ஆஷ்விட்ஸ் வதைமுகாமில், பட்டினிச் சாவுக்குக் குறிக்கப்பட்ட ஒரு குடும்பத் தலைவருக்குப் பதிலாகத் தாமே முன்வந்து உயிரைக் கொடுத்த குரு அவர். சிறைப்பணியில் ஈடுபட்டிருப்போர் அவரைத் தங்கள் பாதுகாவலராகக் கொண்டிருக்கிறார்கள்.

கோல்பே எந்தக் குற்றமும் செய்யாத கைதி. குற்றமற்ற ஒருவர் சிறையில் வாடினார் என்று கேட்டால் நம் நெஞ்சம் உடனே இளகிவிடும். அதற்குப் பெரிய விசுவாசம் தேவையில்லை. மனிதராய்ப் பிறந்த எல்லாருக்கும் அந்த இரக்கம் வரும். இன்று நாம் சிந்திக்க விரும்புவது அதைவிடக் கடினமான ஒன்று. உண்மையிலேயே குற்றம் செய்தவர், நீதிமன்றத்தில் அது மெய்ப்பிக்கப்பட்டவர், தண்டனை பெற்றவர், இவர்களைக் கிறிஸ்தவர்களாகிய நாம் எப்படிப் பார்க்க வேண்டும்? தண்டனை முடிந்து அவர் நம் ஊருக்குத் திரும்பி வந்தால், ஞாயிறு திருப்பலியில் நம் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டால், நாம் என்ன செய்வோம்?

மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் நமக்கெல்லாம் மனப்பாடம். பசியாயிருப்போர், தாகமாயிருப்போர், அன்னியர், ஆடையற்றோர், நோயுற்றோர் என்று வரிசையாகச் சொல்லிவரும் ஆண்டவர், கடைசியாகச் சிறையிலிருப்போரையும் சேர்க்கிறார். அவர்களைத் தேடிச் சென்றவர்கள் தம்மையே தேடி வந்தவர்கள் என்கிறார். அநியாயமாகச் சிறையில் போடப்பட்டவர்களை மட்டும் என்று அவர் அங்கே ஒரு நிபந்தனை வைக்கவில்லை. அந்த ஒரு சொல்லை அவர் சேர்த்திருந்தால் நமக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும்! அவர் சேர்க்கவில்லை.

ஆனாலும் நம் மனம் அவ்வளவு எளிதில் ஒப்புக்கொள்வதில்லை. ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைச் செய்தித்தாளில் படிக்கிறோம். ஒரு மூதாட்டியை நகைக்காகக் கொன்ற செய்தியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். உடனே, இவனையெல்லாம் விட்டு வைக்கக் கூடாது என்று வாய்விட்டுச் சொல்கிறோம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும் என்கிறோம். இந்தக் கோபத்தை நாம் அவசரப்பட்டுக் குறை சொல்ல வேண்டாம். பாதிக்கப்பட்டவர் பக்கம் நிற்கும் மனத்திலிருந்துதான் அது பிறக்கிறது. அந்த மனம் இல்லாமல் பேசப்படும் இரக்கம் வெறும் பேச்சு.

திருவிவிலியத்தின் முதல் கொலையைப் பாருங்கள். தொடக்கநூலின் 4ஆம் அதிகாரம். ஆபேலைக் கொன்றுவிட்டுக் காயின் நிற்கிறான். கடவுள் முதலில் கேட்பது யாருடைய குரலை? கொலையுண்ட ஆபேலின் குரலை. மண்ணில் சிந்திய அந்த இரத்தம் தம்மை நோக்கிக் கதறுகிறது என்கிறார். இறந்தவனுக்காகப் பேச ஊரில் யாரும் இல்லாதபோது கடவுள் பேசுகிறார். அடுத்து, குற்றம் செய்தவனிடம் கேள்வி கேட்கிறார்; செய்ததை அவன் முகத்துக்கு நேராக எடுத்துச் சொல்கிறார். பிறகு தண்டனை. நிலம் அவனுக்குப் பலன் தராது, அவன் நாடோடியாய் அலைவான். இத்தனையும் ஆன பிறகு, யார் வேண்டுமானாலும் என்னைக் கொன்றுவிடுவார்களே என்று காயின் அஞ்சும்போது, யாரும் அவனைக் கொல்லாதபடி கடவுள் அவன்மேல் ஓர் அடையாளம் இடுகிறார்.

பாதிக்கப்பட்டவரின் குரல் கேட்கப்படுகிறது, குற்றம் குற்றமென்று சொல்லப்படுகிறது, தண்டனை கொடுக்கப்படுகிறது, தண்டிக்கப்பட்டவரின் உயிரும் காக்கப்படுகிறது. நான்கும் ஒரே அதிகாரத்தில், ஒரே கடவுளின் செயலாக இருக்கின்றன. நாம்தான் இவற்றைப் பிரித்து, நீதி வேண்டும் என்போர் ஒரு பக்கமும் இரக்கம் வேண்டும் என்போர் மறுபக்கமுமாக நின்று சண்டையிடுகிறோம்.

அன்பார்ந்தவர்களே, கல்வாரிக்கு வருவோம். ஆண்டவரோடு இரண்டு குற்றவாளிகள் அறையப்பட்டிருந்தார்கள். ஒருவன் தன்னை இறக்கிவிடச் சொல்லிப் பழிக்கிறான். மற்றவனை நாம் நல்ல கள்வன் என்று அழைக்கிறோம். அவன் முதலில் சொன்னது என்ன? தாங்கள் செய்த செயலுக்கு ஏற்ற தண்டனையைத்தான் பெறுகிறோம் என்று தோழனிடம் சொல்கிறான். அதன் பிறகுதான் இயேசுவிடம் தன்னை நினைவுகூரும்படி கேட்கிறான். ஆணிகளைப் பிடுங்கிவிடும்படி கேட்கவில்லை. இயேசுவும் அவனைச் சிலுவையிலிருந்து இறக்கவில்லை. ஆனால் அன்றைக்கே தம்மோடு பேரின்ப வீட்டில் இருப்பான் என்று உறுதியளித்தார். ஆண்டவரால் நேரடியாக விண்ணக வாக்குறுதி பெற்ற அந்த மனிதர், மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு குற்றவாளி. குற்றத்தை மறுத்திருந்தால் அவர் இரக்கத்தைக் கேட்டிருக்கவே மாட்டார். உண்மையை ஒப்புக்கொண்ட வாய்தான் இரக்கத்தையும் கேட்டது.

திருஅவையின் போதனையும் இதே வழியில்தான் செல்கிறது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 2266ஆம் எண்ணில் தண்டனையின் நோக்கங்களைச் சொல்கிறது. குற்றத்தால் குலைந்த ஒழுங்கைச் சரிசெய்வது, மக்களைப் பாதுகாப்பது, இயன்ற அளவு குற்றம் செய்தவரைத் திருத்துவது என்று அது விளக்குகிறது. குற்றவாளி மனமுவந்து ஏற்கும் தண்டனை அவருக்குப் பரிகாரமாகவும் அமைகிறது. ஆகவே தண்டனையே கூடாது என்று திருஅவை ஒருபோதும் சொன்னதில்லை. அதே வேளையில், கொலை செய்தவர்கூட மனித மாண்பை இழப்பதில்லை என்று திருத்தந்தை புனித இரண்டாம் யோவான் பவுல் 1995ஆம் ஆண்டு தம் சுற்றுமடலில், காயினின் கதையைச் சுட்டிக்காட்டியே எழுதினார். அந்த வழியில் மேலும் சென்று, 2018ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வியின் 2267ஆம் எண்ணை மாற்றினார். மரண தண்டனை ஏற்றுக்கொள்ள முடியாதது என்பதே இன்று நம் திருஅவையின் போதனை.

மாண்பை இழப்பதில்லை என்று எழுதிய இரண்டாம் யோவான் பவுல், அதை எழுதுவதற்கு முன்பே வாழ்ந்து காட்டியவர். 1981ஆம் ஆண்டு மே 13, பாத்திமா அன்னையின் திருநாள். புனித பேதுரு வளாகத்தில் மெஹ்மத் அலி அக்சா என்ற துருக்கி நாட்டு இளைஞர் அவரைச் சுட்டார். நான்கே நாளில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அவரை மன்னிப்பதாகத் திருத்தந்தை அறிவித்தார். 1983ஆம் ஆண்டு டிசம்பர் 27 அன்று உரோமையிலுள்ள ரெபிபியா சிறைக்குச் சென்று, அவருடைய அறையில் அருகருகே அமர்ந்து பேசினார். அந்தப் புகைப்படம் உலகெங்கும் சென்றது.

ஆனால் இந்த நிகழ்ச்சியின் மறுபாதியை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. திருத்தந்தை மன்னித்துவிட்டார் என்பதால் இத்தாலிய நீதிமன்றம் வழக்கைக் கைவிடவில்லை. அக்சாவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. மன்னிப்புக்குப் பின்னும் ஏறத்தாழ 19 ஆண்டுகள் அவர் இத்தாலியச் சிறையில் இருந்தார். 2000ஆம் ஆண்டில்தான் அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் பொதுமன்னிப்பு வழங்கினார். அதன்பின் துருக்கிக்கு அனுப்பப்பட்டு, 1979இல் ஒரு பத்திரிகை ஆசிரியரைக் கொன்றதற்காக அங்கேயும் சிறையில் இருந்து, 2010இல் வெளியே வந்தார். திருத்தந்தை தமக்கு இழைக்கப்பட்ட தீங்கை மன்னித்தார். கொல்லப்பட்ட பத்திரிகையாளரின் சார்பில் அவரால் மன்னிக்க முடியாது. அப்படிச் செய்யவும் இல்லை. காயம் யாருடையதோ, மன்னிக்கும் உரிமையும் அவருடையதே.

நம் நாட்டிலும் இப்படி ஒரு நிகழ்ச்சி உண்டு. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில், புல்லுவழி என்ற ஊரில் 1954ஆம் ஆண்டு பிறந்தவர் அருள்சகோதரி இராணி மரியா. பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்து, மத்தியப் பிரதேசத்தின் உதயநகர் பகுதியில் பழங்குடி மக்களிடையே பணியாற்றினார். வட்டிக்காரர்களிடம் சிக்கியிருந்த ஏழை விவசாயிகளுக்கு வங்கிக் கடன் வாங்கும் வழியைக் காட்டினார். குழுக்களாகச் சேர்ந்து தங்கள் உரிமையைக் கேட்கும் துணிவை ஊட்டினார். அந்த மக்களின் உழைப்பில் கொழுத்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 1995ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், இன்தோருக்குச் செல்லும் பேருந்தில், பயணிகளின் கண்ணெதிரே சமுந்தர் சிங் என்பவர் அவரைக் கத்தியால் குத்தினார். உடலில் 54 காயங்கள். இயேசுவின் பெயரைச் சொல்லியபடியே சகோதரி உயிர்விட்டார்.

சமுந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அவரைத் தூண்டிவிட்டவர்கள் தண்டனை பெறவில்லை. வெளியே வந்ததும் அவர்களைப் பழிவாங்க வேண்டும் என்ற வெறியோடு அவர் இன்தோர் சிறையில் இருந்தார். அந்நிலையில் சுவாமி சதானந்த் என்று அழைக்கப்பட்ட ஒரு குரு அவரைச் சிறையில் போய்ச் சந்திக்கத் தொடங்கினார். கொல்லப்பட்டவரின் தங்கை அருள்சகோதரி செல்மியும் அதே சபைத் துறவி. கொலை நடந்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகு, 2002ஆம் ஆண்டு ரக்ஷா பந்தன் காலத்தில், அவர் சிறைக்குச் சென்று, அக்காவைக் கொன்றவரின் மணிக்கட்டில் ராக்கி கட்டினார். உடன்பிறந்தவளைக் கொன்றவரை உடன்பிறப்பாக ஏற்றார். பின்னர் அவர்களுடைய தாயும் சமுந்தர் சிங்கைச் சந்தித்து, தன் மகளைக் குத்திய கைகளை முத்தமிட்டார். அந்தத் தாயின் உதடுகள் அந்தக் கைகளைத் தொட்டபோது அவருடைய வயிறு எப்படிப் பற்றி எரிந்திருக்கும் என்று பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும்.

இவை உணர்ச்சிவசப்பட்டு ஒரு நாளில் நடந்தவை அல்ல. முதலில் நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. பல ஆண்டுகள் சிறையில் கழிந்தன. ஒரு குரு சலிக்காமல் போய் வந்தார். குற்றம் செய்தவர் மனம் வருந்தினார். அதன்பின் இராணி மரியாவின் குடும்பத்தாரும் சபையினரும் அவருடைய விடுதலையை அரசிடம் வேண்டினார்கள். 2006ஆம் ஆண்டு அவர் வெளியே வந்தார். அடுத்த ஆண்டு புல்லுவழிக்கே சென்று அந்தப் பெற்றோரைப் பார்த்தார். 2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இன்தோரில் இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டபோது, அந்தக் கூட்டத்தில் அவரும் இருந்தார்.

இதற்கும் முன்னால் இத்தாலியில் நடந்தது நம் பங்குகளில் பலருக்குத் தெரிந்த கதை. 1902ஆம் ஆண்டு ஜூலை மாதம், 11 வயதுச் சிறுமி மரிய கொரற்றியை அலெசாந்திரோ செரெனெல்லி என்ற 20 வயது இளைஞர் பாலியல் வன்முறைக்கு உட்படுத்த முயன்றார். அவள் இணங்காததால் கத்தியால் குத்தினார். மறுநாள் இறக்கும் முன் அந்தச் சிறுமி அவரை மன்னித்தாள். அவர் தம்மோடு விண்ணகத்தில் இருக்க வேண்டும் என்று விரும்பினாள். ஆனால் சிறுமி மன்னித்துவிட்டாள் என்பதற்காக அலெசாந்திரோ உடனே மாறிவிடவில்லை. 30 ஆண்டு தண்டனை பெற்ற அவர், சிறையின் முதல் ஆண்டுகளில் கல்நெஞ்சராகவே இருந்தார். பிறகுதான், கனவில் மரியா தமக்கு லீலி மலர்களைக் கொடுத்ததைக் கண்டு உடைந்துபோனார். 27 ஆண்டுகள் சிறையில் கழித்து 1929இல் விடுதலையானார். சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின்போது, மரியாவின் தாய் அசுந்தாவைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டார். தன் மகளே மன்னித்திருக்கும்போது தான் எப்படி மன்னிக்காதிருக்க முடியும் என்று அந்தத் தாய் சொன்னதாக அறிகிறோம். இருவரும் ஒன்றாகத் திருப்பலிக்குச் சென்று, அருகருகே நற்கருணை வாங்கினார்கள்.

பெற்ற தாயும் பிள்ளையைக் கொன்றவரும் ஒரே திருப்பந்தியில்! மற்ற மக்கள் என்ன நினைத்திருப்பார்கள்? சிலர் கண்கலங்கியிருப்பார்கள். சிலர் முகம் சுளித்திருப்பார்கள். அந்தக் கோவிலில் நாம் இருந்திருந்தால் எந்தப் பக்கம் இருந்திருப்போம்? மரியாவுக்குப் புனிதர் பட்டம் வழங்கும் விசாரணையில் அலெசாந்திரோ தாம் செய்ததை மறைக்காமல் சாட்சியம் சொன்னார். அவள் தூய்மையை உலகுக்கு எடுத்துச் சொன்ன முக்கியச் சாட்சிகளுள் அவளைக் கொன்றவரும் ஒருவர். வாழ்நாளின் பிற்பகுதியைக் கப்புச்சின் துறவியரின் மடத்தில் தோட்ட வேலை செய்து கழித்து, 1970ஆம் ஆண்டு இறந்தார்.

அன்புக்குரியவர்களே, இந்த நிகழ்ச்சிகளைக் கேட்டு, இரக்கம் என்றால் இதுதான் என்று நாம் மகிழ்ந்து எழுந்து போய்விடக் கூடாது. இரண்டு எச்சரிக்கைகள் தேவை.

ஒன்று, மன்னிப்பைப் பிறர்மேல் சுமத்தக் கூடாது. பிள்ளையை இழந்த வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு, கிறிஸ்தவர்கள்தானே, மன்னித்துவிடுங்கள் என்று அறிவுரை சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை. செல்மிக்கு ஏழு ஆண்டுகள் தேவைப்பட்டன. இன்னொருவருக்கு இருபது ஆண்டுகள் ஆகலாம். ஆண்டவர் காத்திருக்கிறார், நாமும் காத்திருப்போம். அதுவரை அவர்களோடு அழுவதுதான் நம் வேலை.

இரண்டாவது, மன்னிப்பு வேறு, பாதுகாப்பு வேறு. சிறுவர்களுக்குத் தீங்கு செய்த ஒருவர் மனம் வருந்தினால், அவர் ஒப்புரவு அருளடையாளத்தில் கடவுளின் மன்னிப்பைப் பெறலாம். அதற்காக அவரை மீண்டும் சிறுவர்களுக்குப் பொறுப்பாக வைக்க முடியாது. குடும்ப மானம், பங்கின் பெயர், சமூக ஒற்றுமை என்று சொல்லி இப்படிப்பட்ட குற்றங்களை மூடிமறைப்பதற்குச் சிலர் இரக்கம் என்ற பெயரைச் சூட்டுகிறார்கள். அது இரக்கமே அல்ல. ஆபேலின் இரத்தத்தின்மேல் மண்ணை அள்ளிப் போடும் செயல். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சிறுவர்க்கு எதிரான பாலியல் குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். திருஅவைக்குள்ளும் இத்தகைய குற்றங்களை அறிய வரும் அருள்பணியாளரும் துறவியரும் அவற்றைத் திருஅவை அதிகாரிகளிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்று 2019ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் சட்டமாக்கினார். வெளிச்சத்துக்கு வராத குற்றத்துக்கு மருந்து போட முடியாது.

அப்படியானால் நம் பங்கில் நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று வீடுகளை நினைத்துப் பார்ப்போம்.

முதலாவது, பாதிக்கப்பட்டவரின் வீடு. அடக்கத்தன்று ஊரே அங்கே கூடுகிறது. முப்பதாம் நாள் திருப்பலி வரை சிலர் வருகிறார்கள். அதன்பின் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும்போது, அந்த வீட்டுப் பெண் தனியாகவே நீதிமன்றப் படிகளில் ஏறி இறங்குகிறார். அவரோடு ஒரு நாள் போய் உட்கார நம் அன்பியத்தில் ஒருவர் இருக்கக் கூடாதா? குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசின் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அதற்கு மனு செய்யலாம். இது தெரியாமலே எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்குகின்றன. படித்தவர்கள் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் அதுவும் நீதிப் பணிதான்.

இரண்டாவது, சிறையில் இருப்பவரின் வீடு. குற்றம் செய்தவர் ஒருவர். தெருவில் தலைகுனிந்து நடப்பவர்கள் அவருடைய மனைவியும் பிள்ளைகளும். மறைக்கல்வி வகுப்பில் அந்தப் பிள்ளையை, கொலைகாரன் மகன் என்று மற்றொரு பிள்ளை அழைத்தால், அந்தச் சொல்லை அது எங்கே கற்றது? நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சில்தான். முதல் நற்கருணை விழாவுக்கு அந்தப் பிள்ளைக்கு வெள்ளை உடுப்பு எடுத்துக் கொடுக்க, மனுநாளில் சிறைக்குப் போய்வரப் பேருந்துச் செலவு கொடுக்க, நம் வின்சென்ட் தே பவுல் சபையினரால் முடியும்.

இங்கே இன்னொன்றையும் நினைவில் கொள்வோம். சிறையில் இருப்பவர் எல்லாரும் தண்டனை பெற்றவர் அல்லர். 2022ஆம் ஆண்டு இறுதிக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பங்கினர்! ஜாமீனுக்கு ஆள் இல்லாமல், வழக்கறிஞருக்குக் கொடுக்கக் காசு இல்லாமல் உள்ளே கிடப்பவர்கள் அவர்களில் பலர். காவலில் இருப்பவர் எவரும் இலவசச் சட்ட உதவி கேட்கலாம் என்று சட்டம் சொல்கிறது. தீர்ப்பு வரும் முன்பே நாம் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

மூன்றாவது, விடுதலையாகி வந்தவரின் வீடு. இதுதான் நமக்குப் பெரிய சோதனை. உள்ளே இருப்பவருக்குக் கிறிஸ்து பிறப்புக்குக் கேக் கொண்டுபோய்க் கொடுப்பது நமக்கு எளிது. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் ஒரு கைதி நம் வண்டிக்கு எண்ணெய் போட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தால், சங்கடமில்லாமல் வாங்கிக்கொள்கிறோம். ஆனால் அவரே தண்டனை முடிந்து வந்து நம் மாடிப் பகுதியை வாடகைக்குக் கேட்டால்? நம் கடையில் வேலை கேட்டால்? நீதிமன்றம் பத்து ஆண்டு என்று எழுதியது. நாமோ ஆயுளுக்கும் என்று எழுதிவிடுகிறோம். வேலையும் கிடைக்காமல் வீடும் கிடைக்காமல் அவர் பழைய கூட்டாளிகளிடமே திரும்பிப் போனால், பார்த்தாயா, நாய் வாலை நிமிர்த்த முடியுமா என்று சொல்லவும் நாம் தயங்குவதில்லை.

புனித பவுல் பிலமோனுக்கு எழுதிய சிறிய திருமுகத்தை இந்த வாரம் வீட்டில் ஒருமுறை வாசியுங்கள். ஒரே ஓர் அதிகாரம். ஐந்து நிமிடம்கூட ஆகாது. சிறையில் இருந்துகொண்டு பவுல் அதை எழுதுகிறார். ஒனேசிம் என்ற அடிமை தலைவரை விட்டு ஓடிவந்தவர்; தலைவருக்கு இழப்பு உண்டாக்கியிருக்கக்கூடும். அவரைத் திருப்பி அனுப்பும் பவுல், நடந்ததை இல்லை என்று மறைக்கவில்லை. அவர் ஏதாவது கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளும்படியும், தாமே செலுத்துவதாகவும் சொல்கிறார். அதையும் தம் கைப்படவே எழுதுகிறார். ஒனேசிமை இனி அடிமையாக அல்ல, அன்பார்ந்த சகோதரராக ஏற்றுக்கொள்ளுமாறு கேட்கிறார்.

கடன் உண்டு என்பதைப் பவுல் ஏற்கிறார்; அதுதான் நீதி. அந்தக் கடனுக்குத் தாமே பொறுப்பேற்கிறார், அதுதான் இரக்கம். திரும்பி வருபவருக்காக ஒருவர் முன்நின்று, இவருக்கு நான் பொறுப்பு என்று சொன்னால் போதும். முதலாளியிடம் ஒரு வார்த்தை, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை, பங்குப் பேரவையில் ஒரு வார்த்தை. நம்மில் யாராவது ஒருவர் அந்த வார்த்தையைச் சொல்லும் ஆளாக இருக்க முடியுமா? அப்படிப் பொறுப்பேற்பதில் ஆபத்து இல்லாமல் இல்லை. நம்பியவர் நம்மை ஏமாற்றவும் கூடும். ஆனால் சிலுவையில் நம் எல்லாருடைய கடனையும் தம் கணக்கில் எழுதிக்கொண்டவர், நாம் ஏமாற்ற மாட்டோம் என்று உறுதி வாங்கிக்கொண்டா எழுதினார்?

2024ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, யூபிலி ஆண்டின் தொடக்கத்தில், திருத்தந்தை பிரான்சிஸ் ரெபிபியா சிறையில் ஒரு புனிதக் கதவைத் திறந்தார். இரண்டாம் யோவான் பவுல் தம்மைச் சுட்டவரைச் சந்திக்கச் சென்ற அதே சிறை. சிறைக் கதவுகளைத் திறக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. அது நீதிமன்றத்துக்கும் அரசுக்கும் உரியது. நம் வீட்டுக் கதவும் நம் கோவில் கதவும் நம் கையில் இருக்கின்றன. சட்டம் திறந்துவிட்ட பிறகும் அவற்றை நாம் பூட்டி வைத்திருக்க வேண்டாம்.

செபிப்போம்.

இரக்கமும் நீதியும் நிறைந்த இறைவா, குற்றங்களால் உயிரிழந்தோரை உம் கரங்களில் ஒப்படைக்கிறோம். அவர்களை இழந்து வாடும் குடும்பங்களின் கண்ணீரை நீரே துடைத்தருளும். அவர்களுக்கு உரிய நீதி தாமதமின்றிக் கிடைக்கச் செய்தருளும். சிறையில் இருப்போர் தாங்கள் செய்ததை உண்மையோடு உணர்ந்து உம்மிடம் திரும்பி வர அருள்தாரும். தீர்ப்புக்காகக் காத்திருப்போருக்கும், குற்றமின்றித் துன்புறுவோருக்கும் துணையாயிரும். சிறைக் காவலர்களையும், சிறைப்பணி செய்வோரையும் ஆசீர்வதியும். தண்டனை முடிந்து வருவோரை வரவேற்கும் மனத்தை எங்களுக்குத் தாரும். உம் திருப்பந்தியில் எங்களுக்கு இடம் கிடைத்தது எங்கள் தகுதியால் அல்ல, உம் இரக்கத்தால்தான் என்பதை நாங்கள் மறவாதிருப்போமாக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.